ஸ்டோர் வைத்தியம்

"போச்சு!" என்று சுசித்ரா கத்தியபோது மகாராஜன் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு உள்ளே ஓடி வந்தார்.

டிவி கறுத்துக் கிடந்தது. அதற்குக் கீழே, சுவரில் பதித்த ஷோகேஸில், கேம் பெட்டியின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"கடைசி ரவுண்டுப்பா. முன்னாடி ஒரே ஒரு காருதான். அடுத்த வளைவுல அவனைப் பிடிச்சிருப்பேன். அதுக்குள்ள நின்னுருச்சு."

"கரண்டு போயிருச்சா?"

"மேல ஃபேன் சுத்துதுல்ல? பெட்டி சூடாகித் தானா நின்னுக்கிச்சு."

மகாராஜன் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். பார்ப்பதற்குக் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் அவர் பார்த்தது வேறு கணக்கு. மலைமேல் போடிமெட்டில் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் ஒரு ஸ்டோரும் உண்டு. பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, விறகுத் தீயின் சூட்டில் உலர்த்தி எடுக்கும் அறையைத்தான் அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். அங்கே வெப்பமானி ஒன்று சுவரில் தொங்குகிறது. அவர் அதை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. தகரக் கதவில் உள்ளங்கையை வைத்தால் அவருக்குப் போதும். 'ஸ்டோர் மகாராஜன்' என்று சொன்னால்தான் போடியில் ஆள் அடையாளம் தெரியும்.

"காயி வெடிக்கிற சூடு" என்று தீர்ப்புச் சொன்னார். "எவ்வளவு நேரமா ஓடுது?"

"ஆபீஸ் விட்டு வந்ததிலருந்துதான்."

"அது ஒண்ணும் கூடுதல் இல்லையே ஆத்தா. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஓட்டுனியே. நான் தோட்டத்துக்குப் போய் வந்து, ஒரு தூக்கமும் தூங்கி எந்திரிச்சேன். அப்பவும் ஓட்டிக்கிட்டே இருந்த. அன்னைக்கு இது அசையலையே!"

அடுக்களையிலிருந்து முனீஸ்வரியின் குரல் வந்தது. "நல்ல அப்பன். மக நாள் பூரா பொம்மைக் காரு ஓட்டுனதை ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்றாரு. அன்னைக்கு நான் போட்டு வச்ச சோறு தட்டுலயே வத்தல் ஆயிருச்சு. அதைச் சொல்லுங்க."

"நீ சும்மா இரு முனீசு. தென்னாடு பூரா எத்தனை பேரு ஓட்டுனாங்க? கடைசியில மிஞ்சுனது ரெண்டே பேரு. ஒருத்தன் கொச்சிக்காரன். இன்னொருத்தி எம் மக."

அதுதான் விஷயம். சனிக்கிழமை சாயங்காலம் இறுதிப் பந்தயம். சுசித்ரா இங்கே வீட்டிலிருந்து, கொச்சிக்காரன் அங்கே அவன் வீட்டிலிருந்து. ஜெயித்தவர் சென்னைக்குப் போய், மேடையில் உட்கார்ந்து, நாடே பார்க்க ஓட்டலாம். பந்தயத்தின் நடுவில் யார் பெட்டி நின்றாலும் அவர் வெளியே. மறு ஓட்டம் கிடையாது.

"நான் ஓட்டித் தோத்தாப் பரவால்லப்பா" என்றாள் சுசித்ரா. "பெட்டி நின்னு தோத்துட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது."

"தோக்குறதாவது! ஃப்ளெக்ஸ் வச்சாச்சு."

சுசித்ரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஏல மையத்துக்குப் போகும் முக்கில் அந்த ஃப்ளெக்ஸ் நின்றது. 'கொண்டை ஊசி வளைவின் கோமகளே!' என்று ஆளுயர எழுத்து. நடுவில் சுசித்ரா. அவள் கையில் இருந்த ரிமோட்டை யாரோ டிசைன் செய்கிறவன் அழித்துவிட்டு வாள் கொடுத்திருந்தான். கீழே தபால்தலை அளவில் சொந்தபந்தம் மொத்தமும். முனீஸ்வரியின் தம்பி திருப்பதியின் படம் மட்டும் கம்பத்துக்குப் பின்னால் மறைந்துபோனதில் அவனுக்கு மனத்தாங்கல்.

"ஆயுத பூஜை கழிஞ்சதிலருந்துதான் பெட்டிக்கு இந்த நோவு" என்று கரண்டியோடு வெளியே வந்தாள் முனீஸ்வரி. "ஒரு நாள் பூரா தொடக்கூடாதுன்னு உக்கார வச்சீங்கள்ல? அதான் கோவிச்சுக்கிச்சு."

"பூஜையன்னைக்கு ஆயுதத்தைத் தொடுவாங்களாக்கும்?"

ஆயுத பூஜையை மகாராஜன் கஞ்சத்தனமாகச் செய்கிறவர் இல்லை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் ஒரு வாளி. ஜீப்புக்கு வைத்தார், எடைத் தராசுக்கு வைத்தார், காய் சலிக்கும் சல்லடைக்கு, மகளின் கேம் பெட்டிக்கு, முனீஸ்வரியின் மிக்ஸிக்கு. விருந்துக்கு வந்த திருப்பதி சார்ஜில் போட்டிருந்த செல்போனுக்கும் வைத்தார். அவன் அதை எடுத்துக் காதில் வைத்துப் பேசிவிட்டு, கன்னத்தில் குங்குமத்தோடு கடைத்தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்து சண்டை போட்டான்.

"பின்பக்கம் இடுக்கு இடுக்கா இருக்கும்ப்பா. உள்ள இருக்கிற சூடு அது வழியாத்தான் வெளிய போகணும்" என்றாள் சுசித்ரா. "தூசி அடைச்சிருக்கும். எடுத்துப் பாப்போமா?"

"பின்பக்கமா? பூஜைக்கு நானே ஈரத்துணி போட்டுத் துடைச்சது. தூசின்னு பேருக்குக்கூட இல்ல. ஸ்டோர் நடத்துறவன்கிட்ட வந்து காத்தோட்டத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியே தாயி! புகைக்கூண்டு அடைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப தேனியில ரிப்பேருக்குக் குடுப்போம்."

"ஒரு வாரம் கழிச்சு வாங்கம்பான். சனிக்கிழமைக்கு யாரு ஓட்டுறது, அவனா? நீ ஆபீசுக்குப் போ. சூட்டை என்கிட்ட விட்டுரு."

சுசித்ரா விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காய்ந்த ஏலக்காயிலிருந்து தூசு, காம்பு, சண்டு எல்லாவற்றையும் ஊதித் தள்ளுகிற பெரிய காற்றாடியைக் குடோனிலிருந்து கொண்டுவந்து இறக்கினார் மகாராஜன். ஷோகேஸுக்கு நேரே அதை நிறுத்தினார்.

"ஏங்க, அது மூட்டைக் காயைத் தூத்துறது."

"மூட்டைக் காயையே தூத்துறது இந்தச் சின்னப் பெட்டிச் சூட்டைத் தூத்தாதா? போடு சுவிட்ச."

முனீஸ்வரி போட்டாள். அதே நேரம் பார்த்து வாசலில் திருப்பதி நுழைந்தான். நுழைந்தவன் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். காலண்டர் பறந்தது. முருகன் படம் திரும்பிக்கொண்டது. காற்றாடிக்குள் போன வருஷத்திலிருந்து குடியிருந்த ஏலச்சண்டு முழுவதும் கிளம்பி, டிவி, ஷோகேஸ், பெட்டி, திருப்பதியின் திறந்த வாய் என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்தது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போனது.

"பாயசம் குடிச்ச மாதிரி இருக்கு மச்சான்" என்று துப்பினான் திருப்பதி. "பெட்டிக்கு என்ன வைத்தியம் பாக்கப்போறீங்கன்னு கேக்கலாம்னு வந்தேன். எனக்கே பாத்துட்டீங்க."

"சிரிக்காத மாப்ளே. எல்லாம் ஒரு வேலைன்னு இறங்கினா இப்படித்தான்."

"ஃப்ளெக்ஸைக் கழட்டிருவோமா? கேக்குறேன்னு நெனைக்காதீங்க. துணி நல்ல கெட்டித் துணி. மழை வருது. என் உரமூட்டை மேல போத்திக்கிறேன்."

அந்த வார்த்தை மகாராஜனுக்கு முள்ளாகத் தைத்தது.

சாயங்காலம் சுசித்ரா வந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த ஏலச்சண்டு முழுவதையும் தட்டினாள். பெட்டியைப் போட்டாள். நேற்று கடைசி ரவுண்டில் நின்றது, இன்று முதல் ரவுண்டிலேயே நின்றது.

"அப்பா."

"சொல்லு ஆத்தா."

"ஊதாதீங்க."

"ஊதல. சத்தியமா ஊதல."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. வியாழக்கிழமை அவர் ஊதவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தார்.

மத்தியானம் மோர் குடிக்க வந்த திருப்பதி ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான்.

"அக்கா, தோசை மாவு எங்க?"

"வெளிய இருக்குடா. பொங்கி வழிஞ்சு போச்சு."

"மாவு வெளிய. கேம் பெட்டி உள்ள. சாயங்காலம் எதைச் சுட்டுத் திங்கப் போறீங்க?"

"எல்லாம் உங்க மச்சான்கிட்டக் கேளு."

மகாராஜன் ஜம்பமாக வந்தார். பெட்டியை வெளியே எடுத்துத் தலையில் உள்ளங்கையை வைத்தார். முகம் மலர்ந்தது. "பாரு மாப்ளே, மார்கழி மாசத்துப் பாறை மாதிரி இருக்கு. இப்ப நாள் பூரா ஓட்டலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போடி வெயிலுக்குப் பெட்டி வேர்க்க ஆரம்பித்தது. முதலில் முத்து முத்தாக. பிறகு தாரையாக. அடியில் துண்டு நனைந்தது. ஆபீஸ் விட்டு வந்த சுசித்ரா, கூடத்தில் மூன்று பேர் ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"தண்ணியா? கரண்டு பெட்டிக்குள்ள தண்ணியா? இதை இப்பப் போட்டா ஒரேயடியாப் புகைஞ்சிரும்ப்பா!" தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு மறுநாள் பந்தயம். நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா, பாதிப் பந்தயமாவது ஓட்டியிருப்பேன்."

அவள் கத்தியிருந்தால் மகாராஜன் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"அதைத் தொடாம வைங்க. தானாக் காயட்டும். போதும்" என்று எழுந்து போனாள்.

அவள் போனபின் திருப்பதியும் சிரிக்கவில்லை. "மச்சான், எனக்கும் ஒரே ஒரு மருமகதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில் மகாராஜன் யோசித்தார். பெட்டிக்கு இப்போது இரண்டு நோவு. சூடு ஒன்று, ஈரம் ஒன்று. போடியில் சூடு போகாது. போடிமெட்டுக்குக் கொண்டுபோனால் குளிர்ச்சி தானாகக் கிடைக்கும். ஈரத்துக்கு? காயிலிருந்து ஈரத்தை எடுக்கிறதே அவர் பிழைப்பு. அவர் தன் தொடையில் தட்டிக்கொண்டார். இது முதல் நாளே ஏன் தோன்றவில்லை?

மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்பில், பெட்டியைத் துண்டில் பொதிந்து, பின் சீட்டில் இருந்த ராக்குவின் மடியில் கொடுத்தார். ராக்கு அவர் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். உலர்ந்த தட்டுகளைத் தட்டிக் காயை ஒதுக்குவதும் அவள் சோலிதான்.

"என்னண்ணே, யாரு பிள்ளை? காய்ச்சலா?"

"பிள்ளை இல்ல, பாப்பாவோட கேம் பெட்டி. பூஜை போட்ட பெட்டி ராக்கு, பத்திரமாப் பிடி."

"ஃப்ளெக்ஸுல கத்தி பிடிச்சிருக்கே, அந்தப் பாப்பாவா? நல்லா வச்சுக்கிறேன்."

ஜீப் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மகாராஜன் திரும்பிப் பார்த்து, "இந்த மாதிரி வளைவைத்தான் எம் மக பிரேக்கையே தொடாமத் திருப்பும்" என்று ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் சொன்னார். டிரைவர், "அண்ணே, நான் பிரேக்கு போட்டுத்தான் திருப்புவேன், கோவிச்சுக்கிறாதீங்க" என்றான். பாதி மலையில் மேகம் இறங்கி ஜீப்புக்குள் புகுந்தது. போடிமெட்டில் இறங்கும்போது துண்டைப் பிழியலாம்போல் இருந்தது.

நல்ல வேளையாக ஸ்டோரில் தீ இல்லை. தட்டுகள் காலி. முந்தின நாள் சூட்டின் மிச்சம் மட்டும் கதகதவென்று இருந்தது. துண்டைப் பிரித்து, மூன்றாவது தட்டின் நடுவில் பெட்டியை வைத்தார். பூஜைச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவைச் சாத்தினார். ஸ்டோர் பார்க்கிற பிச்சைமணி விறகு எடுக்கப் போயிருந்தான். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தோட்டத்துக்குள் இறங்கினார்.

தோட்டத்தில் காய் நன்றாகப் பிடித்திருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் நின்று மகளைப் பற்றி விசாரித்தார். விசாரித்தால் விடுவாரா? வளைவு வளைவாகச் சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பும்போது, மேலே ஸ்டோரின் புகைக்கூண்டிலிருந்து புகை நேராக எழுந்து நின்றது. வழக்கம்போல் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பாருங்க, பிச்சைமணி தீ வளர்த்தான்னா புகைகூட ஒழுங்கா நிக்கும்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரரிடம்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் மேட்டில் ஓடினார். "பிச்சைமணி! மூணாவது தட்டு! மூணாவது தட்டு!"

"நெறச்சாச்சுண்ணே" என்று சந்தோஷமாக வந்தான் பிச்சைமணி. "காலையில எடுத்த காயி பூரா ஏத்தியாச்சு. நடுவுல என்னமோ கறுப்பா ஒரு பெட்டி இருந்துச்சு. புதுசா ஹீட்டரு வாங்கியிருக்கீங்கன்னு, அதைச் சுத்திப் பதவிசாப் பரப்பிட்டேன்."

"தொறடா கதவை!"

"இப்பவா?" பிச்சைமணி கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டான். "நல்ல சூட்டுல இருக்குண்ணே. இப்பத் தொறந்தா காயி வெளுத்துப் போகும். 'பாதியில கதவைத் தொறக்கிறவன் ஏலக்காயைக் கண்ணால பாக்க லாயக்கில்லாதவன்'னு நீங்கதான் சொல்வீங்க."

மகாராஜன் தகரக் கதவில் உள்ளங்கையை வைத்தார். சுரீரென்றது. இத்தனை வருஷத்தில் அவர் ஸ்டோரிலிருந்து ஒரு லோடு வெளுத்த காய் ஏலத்துக்குப் போனது கிடையாது. பச்சை மாறாத காய் என்பதுதான் அவர் பேரு. அதற்காகவே தூரத்துத் தோட்டக்காரர்கள்கூட அவரைத் தேடி வருகிறார்கள்.

"உள்ள இருக்கிறது யாரு காயி?"

"நம்ம காயிதாண்ணே."

"நம்ம காயிதானே? வெளுக்கட்டும். எம் மக முகம் வெளுக்கக் கூடாது. தொற."

திறந்தார்கள். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, பச்சைக் காய்களுக்கு நடுவே புதையல்போல் கிடந்த பெட்டியை அவரே உருவி எடுத்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இறங்கும்போது ஜீப்பில் அவர் எந்த வளைவைப் பற்றியும் பேசவில்லை. டிரைவருக்கே என்னவோபோல் இருந்தது.

சாயங்காலம் கதையை முழுக்கக் கேட்டாள் சுசித்ரா. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். தோள் குலுங்கியது. சிரிப்பு.

"ஹீட்டருன்னா நெனச்சாரு பிச்சைமணி அண்ணன்?"

"நீ திட்டு ஆத்தா. சிரிக்காத. பயமா இருக்கு."

"காயி வெளுத்திருச்சாப்பா?"

"போகுது விடு."

ஒரு லோடு காய் வெளுப்பது அவருக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். பெட்டியை மடியில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஈரம் சுத்தமா இல்ல. பின்பக்கம் என்ன மஞ்சளாக் கறை?"

"ஸ்டோர்ப் புகை. துடைச்சாப் போயிரும்."

துடைத்தாள். போய்விட்டது.

"இன்னைக்குப் போட வேணாம். ஆறட்டும். நாளைக்கு நேராப் பந்தயத்துலயே போடுறேன். நின்னா நிக்கட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. ஃப்ளெக்ஸ் செய்த வேலை. ஏல மையத்து ஆட்கள், தெருக்காரர்கள், இன்னார் என்று தெரியாதவர்கள்கூட வந்துவிட்டார்கள். சன்னலில் தலைகள். அத்தனை பேர் மூச்சுச் சூட்டில் அறையே ஸ்டோராகிவிட்டது. ஷோகேஸ் வேண்டாம் என்று பெட்டியை ஒரு முக்காலியில் வைத்திருந்தாள் சுசித்ரா. மகாராஜன் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் தலையில் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இந்தச் சூட்டுல தாங்குமா மச்சான்?" என்று காதில் கேட்டான் திருப்பதி. இன்று அவன் குரலில் கேலி இல்லை. கையில் ஒரு முழுத் தேங்காய் வைத்திருந்தான், வேண்டுதல்போல.

பந்தயம் தொடங்கியது. திரையில் மலைப்பாதை. கொச்சிக்காரன் நீலக் கார், சுசித்ரா சிவப்புக் கார். ஜனம் பாதிக் கண்ணால் திரையைப் பார்த்தது, பாதிக் கண்ணால் பெட்டியின் விளக்கைப் பார்த்தது.

முதல் ரவுண்டு போனது. நிற்கவில்லை.

"எப்படி?"

"வெதுவெதுப்பு" என்றார் மகாராஜன்.

பெட்டியின் பின்பக்கமிருந்து சூடான காற்று சீராக வந்துகொண்டிருந்தது. அதற்கு நேரே சுவரில் தொங்கிய காலண்டரின் தாள் மெல்ல மெல்ல ஆடியது. அந்தக் காற்றில் ஏலக்காய் வாசம். பெட்டி ஓட ஓட வாசம் கூடியது. "யாரு வீட்டுலயாச்சும் கேசரி கிண்டுறாகளா?" என்று சன்னலில் ஒரு குரல் கேட்டது.

கடைசி ரவுண்டு. நீலம் முன்னால். வழக்கமாகப் பெட்டி நிற்கும் இடம் வந்தது. கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பெட்டி நிற்கவில்லை.

"எப்படி மச்சான்? எப்படி?"

"வெதுவெதுப்புடா, பேசாம இரு!"

அடுத்தது ஒரு கொண்டை ஊசி வளைவு. நீலக் கார் பிரேக் போட்டு அகலமாகச் சுற்றியது. சுசித்ரா முன்னால் குனிந்தாள். சிவப்புக் கார் பிரேக்கைத் தொடாமல், மலையோடு மலையாக உள்பக்கம் நுழைந்து வெளியே வந்தது. வரும்போது முன்னால் இருந்தது அதுதான்.

அதற்குப்பின் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, அப்படி ஒரு கூச்சல். திருப்பதி தேங்காயை உடைக்க இடம் தேடி, கடைசியில் வாசற்படியில் உடைத்தான். முனீஸ்வரி, மகள் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, "இனியாச்சும் நேரத்துக்குச் சோறு தின்னுடி" என்று அழுதாள். சுசித்ரா எழுந்து அப்பாவின் உள்ளங்கையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நெசமாவே உங்க ஸ்டோர்தான்ப்பா. இத்தனை நாள் இந்த மாதிரி ஓடவே இல்ல."

போதாதா? மகாராஜன் எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. தேனி என்ன, மதுரை என்ன, எந்த ரிப்பேர்க்காரனாலயும் இது முடியாது. பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சூட்டைச் சூட்டால எடுக்கணும். எங்க அப்பா காலத்துலருந்து காயைப் பாத்துக் கத்துக்கிட்டது. உள்ளங்கை ஞானம்! நாளையிலருந்து போடியில யாரு வீட்டுப் பெட்டி சூடானாலும் எங்கிட்டக் கொண்டாங்க. மூணாவது தட்டு, இதுக்குன்னே ஒதுக்கியாச்சு."

"மச்சான்" என்று தேங்காய்ச் சில்லை நீட்டினான் திருப்பதி, கண் கலங்க. "நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க. என் கடை லேப்டாப்பும் கொஞ்சம் சூடாகுது. மொத ஆளா எழுதிக்கங்க."

"எழுதியாச்சு மாப்ளே!"

வாசலில் தோட்டத்து ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கிய ராக்கு, ஏலக்காய்ப் பச்சை படிந்த கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

"வா ராக்கு! பாப்பா ஜெயிச்சிருச்சு! நம்ம ஸ்டோர் ஜெயிச்சிருச்சு!"

"கேள்விப்பட்டேண்ணே, ரொம்பச் சந்தோசம்" என்று முந்தானையை அவிழ்த்து முக்காலியில் கொட்டினாள் ராக்கு. "இன்னைக்கு அந்த மூணாவது தட்டைத் தட்டுனேன், பெட்டி கிடந்த எடத்துல, காயோட காயா, காய்ஞ்ச சந்தனம் இம்புட்டுக் கொட்டுச்சு, குங்குமத்தோட. பாருங்க, ஒவ்வொரு வில்லையிலயும் இந்தப் பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற இடுக்கு அப்படியே அச்சு விழுந்திருக்கு. எந்த மகராசண்ணே இது, மூச்சு விட ஒரு ஓட்டைகூட விடாம, இப்படி அப்பி வச்சது?"